'சரி' என்றால் சரிதானா?

புதிதாக ஒரு மென்பொருள் செய்யும்போது, நிரல் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு கூட்டம் நடக்கும். ப்ரொஜெக்டரில் ஒரு படம் தெரியும். படம் முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் கோடுகள், கோடுகளின் முனையில் காக்காய்க்கால் மாதிரி மூன்று விரல்கள். ஒரு பக்கம் மென்பொருள் ஆட்கள். இன்னொரு பக்கம், நாளைக்கு அதைப் பயன்படுத்தப் போகிற அலுவலக ஆட்கள். முக்கால் மணி நேரம் விளக்கம் நடக்கும். கடைசியில் "சரிதானே சார்?" என்று கேட்பார்கள். "சரிங்க" என்று பதில் வரும். ஒரு தாளில் கையெழுத்து. டீ, பிஸ்கட். கலைந்துவிடுவார்கள்.

அந்த "சரிங்க"வை நம்பித்தான் அடுத்த ஒன்றிரண்டு வருட வேலை நடக்கிறது. ஆனால் தமிழில் 'சரி' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. "நீங்கள் சொன்னது உண்மை" என்றும் பொருள், "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றும் பொருள். ஊரிலிருந்து அம்மா போனில் பேசும்போது இந்தப் பக்கத்திலிருந்து எத்தனை 'சரி' போகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஒன்றையாவது ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? கூட்டத்தில் பெரும்பாலும் சொல்லப்படுவது இரண்டாவது வகைச் சரி. குறிப்பேட்டில் ஏறுவது முதல் வகைச் சரி. இந்த இடைவெளியில்தான் பிற்பாடு வருகிற தொல்லைகளில் பாதி பிறக்கின்றன.

ஒரு டேட்டா மாடலைப் பார்த்தவர்கள் ஒருமுறைகூட "இல்லையே, அப்படிக் கிடையாதே" என்று சொல்லவில்லை என்றால், அதை யாரும் சரிபார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். கொஞ்சம் கடுமையான பேச்சாகத் தோன்றலாம். ஆனால் முதல் தடவையிலேயே ஒரு அலுவலகத்தின் நடைமுறையை முழுக்கச் சரியாக வரைந்துவிடுகிற மேதைகள் உலகத்தில் மிகக் குறைவு.

லாஜிகல் டேட்டா மாடல் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு நிறுவனம் எந்தெந்த விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன, எது இல்லாமல் எது இருக்கக்கூடாது என்று சொல்லும் விவரம்தான் அது. ஆரக்கிளா, மைஎஸ்க்யூஎல்லா, எந்தச் சர்வரில் ஓடும் என்ற பேச்செல்லாம் அதில் வராது. 1970இல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் தரவுகளை அட்டவணைகளாகப் பார்க்கும் முறையைக் கணித அடிப்படையோடு எழுதினார். 1976இல் பீட்டர் சென், உலகத்தைப் 'பொருள்கள்', 'அவற்றுக்கிடையே உறவுகள்' என்று பிரித்து வரையும் முறையைக் கொடுத்தார். இன்று கல்லூரிகளில் ஈ.ஆர். படம் என்று போடுவதெல்லாம் அவர் வழி வந்ததுதான். காக்காய்க்கால் பிற்பாடு ஒட்டிக்கொண்ட குறி; 'ஒன்றுக்கு மேல் உண்டு' என்பதற்கான அடையாளம்.

வரைபவருக்கு இந்தப் படம் மிக வசதி. பார்ப்பவருக்கு அப்படியில்லை. வீடு கட்டும்போது எஞ்சினியர் நீட்டும் ப்ளானைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சுவர் எழும்பிய பிறகு "கதவு இந்தப் பக்கமா வருது?" என்று கேட்காத வீட்டுக்காரர் உண்டா? அது கண்ணால் பார்க்கக்கூடிய வீடு. டேட்டா மாடலில் சுவர்கூடக் கிடையாது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ரயில் முன்பதிவு. இந்திய ரயில்வேயின் கணினி முன்பதிவு 1980களின் நடுவிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, 2002இலிருந்து ஐ.ஆர்.சி.டி.சி. வழியாக இணையத்திலும் டிக்கெட் எடுக்க முடிகிறது. அதை உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது இங்கே விஷயமில்லை. இதே முன்பதிவை ஒரு மாணவர் இன்று முதலிலிருந்து வரைந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ரயிலில் போயிருக்கிறார், டிக்கெட் எடுத்திருக்கிறார், விஷயம் தெரியும் என்ற தைரியத்தில் ஐந்து கட்டம் போடுவார். வண்டி, பெட்டி, பெர்த், டிக்கெட், பயணி. கோடு இழுத்துவிடுவார். படம் அழகாகவே இருக்கும்.

இப்போது அந்தப் படத்தை மூடி வைத்துவிட்டு, அதில் இருப்பதை வாக்கியமாக வாசித்துப் பார்க்கலாம்.

"ஒரு பெர்த்தில் ஒரு பயணி." முன்பதிவுக் கவுன்ட்டரில் இருப்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஆர்.ஏ.சி. இருக்கிறதே! பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை இரண்டு இருக்கையாக்கி இரண்டு பேரை உட்கார வைப்பார்கள். போதாததற்கு அதே பெர்த் சென்னையிலிருந்து மதுரை வரை ஒருவருக்கு, மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை இன்னொருவருக்கு என்று போகலாம். ஆக, பெர்த்தும் பயணியும் மட்டும் போதாது. எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை என்பது இல்லாமல் அந்த உறவே நிற்காது.

"ஒவ்வொரு பயணிக்கும் ஒரு பெர்த்." இதுவும் தப்பு. வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்குக் கையில் டிக்கெட் உண்டு, பெர்த் கிடையாது. 2016 ஏப்ரலிலிருந்து 5 முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வழி: தனி பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் அரைக் கட்டணம். அந்த அரை டிக்கெட் பிள்ளை முறைப்படி பதிவான பயணிதான், ஆனால் அம்மாவின் பெர்த்தில்தான் தூங்கும்.

"டிக்கெட்டின் நிலை: உறுதி, ஆர்.ஏ.சி. அல்லது வெயிட்டிங்." இதில்தான் நிறையப் பேர் விழுவார்கள். ஒரு டிக்கெட்டில், அதாவது ஒரு பி.என்.ஆர். எண்ணில், ஆறு பேர் வரை போகலாம். ஆறில் நாலு பேருக்கு உறுதியாகி இரண்டு பேர் வெயிட்டிங்கில் தொங்குவது தினமும் நடக்கிற கதை. கல்யாணத்துக்குப் போகிற எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே நிலை என்பது டிக்கெட்டின் குணம் இல்லை, டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு ஆளின் குணம். படத்தில் இந்தத் தவறு ஒரு கட்டத்துக்குள் இருக்கும் ஒரு வரி. இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். யார் கண்ணிலும் படாது. ஆனால் நிரல் எழுதி முடித்த பிறகு இதை மாற்றுவது என்றால் கட்டணம், ரத்து, பணம் திருப்பிக் கொடுத்தல் என்று தொட்ட இடமெல்லாம் மாறும்.

"டிக்கெட்டில் ஒரு பயணத் தேதி உண்டு." எந்தத் தேதி? சென்னையில் 10ஆம் தேதி இரவு புறப்படும் வண்டி திருச்சியைத் தொடும்போது 11 ஆகியிருக்கும். வண்டி கிளம்பிய தேதியா, பயணி ஏறுகிற தேதியா? இந்தக் குழப்பத்தால் ஒரு நாள் தள்ளி ஸ்டேஷனுக்கு வந்து, காலியான பிளாட்பாரத்தில் பெட்டியோடு நின்றவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் விட வேடிக்கையானது முதல் கட்டம்தான். 'வண்டி' என்றால் என்ன? "அந்த வண்டி தினசரி கிடையாது, வாரத்துக்கு மூணு நாள்தான்" என்று விசாரணைக் கவுன்ட்டரில் சொல்வது ஒரு எண்ணையும் கால அட்டவணையையும். "வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டு" என்றால் இன்றைக்கு ஓடும் ஓட்டம். "வண்டியில தண்ணி இல்லை" என்று பணிமனைக்காரர் சொன்னால் அது இரும்பால் ஆன பெட்டிகளின் வரிசை. மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து 'வண்டி' என்ற கட்டத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். மூன்று பேரும் மனசார ஒப்புக்கொண்டவர்கள்தான். ஆளுக்கு ஒன்றை ஒப்புக்கொண்டிருப்பார்கள்! ஐ.பி.எம்.மில் இருந்த வில்லியம் கென்ட் 1978இல் எழுதிய புத்தகம் ஒன்று ஏறத்தாழ முழுக்க இந்தச் சங்கடத்தைப் பற்றியதுதான். 'ஒரு பொருள்' என்று எதைச் சொல்கிறோம், எப்போது அது 'இன்னொரு பொருள்' ஆகிறது என்பதே அதன் ஆரம்பக் கேள்வி. தரவுத்தளப் பாடத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு வகுப்பு நேரம்கூட ஒதுக்குவதில்லை, நார்மலைசேஷனுக்கு மூன்று வாரம்.

படத்தைக் காட்டுவதைவிட வாக்கியமாக வாசிப்பது நல்லது என்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆரக்கிளில் இருந்த ரிச்சர்ட் பார்க்கர் தன் முறையில் ஒவ்வொரு கோட்டையும் இரண்டு திசையிலும் வாக்கியமாகப் படிக்கச் சொன்னார். நைசன், அவருக்குப் பின் டெர்ரி ஹால்பின் ஆகியோர் வளர்த்த முறையில் ஒரு படி மேலே போய், வாக்கியத்துக்குக் கீழே நிஜமான உதாரண வரிசைகளை எழுதிக் காட்டச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த வாக்கிய அச்சுகள் ஆங்கிலத்துக்கானவை. அவற்றை அப்படியே தமிழில் போட்டால் உடைந்துவிடும்.

காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. 'ஒரு' என்ற சொல் எண்ணிக்கையையும் குறிக்கும், 'ஏதோ ஒரு' என்பதையும் குறிக்கும். "ஒரு டாக்டரைப் பார்த்தான்" என்றால் ஒரே ஒரு டாக்டர் என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. அஃறிணையில் 'கள்' விகுதி போட்டாலும் போடாவிட்டாலும் பன்மைதான். "கடையில் புத்தகம் இருக்கிறது" என்றால் ஒரு புத்தகமா, ஆயிரம் புத்தகமா? பேச்சில் இதெல்லாம் தொல்லையே இல்லை, கேட்பவர் புரிந்துகொள்வார். ஆனால் 'ஒன்றா, ஒன்றுக்கு மேலா' என்பதுதான் டேட்டா மாடலின் உயிர். எனவே "ஒரு டிக்கெட்டில் பயணி இருப்பார்" என்று எழுதி வாசித்தால் எந்த மாடலுக்கும் அது பொருந்தும்; யாராலும் மறுக்க முடியாது. மறுக்க முடியாத வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கொஞ்சம் கூச்சத்தை விட்டுவிட்டு முரட்டுத்தனமாக எழுத வேண்டும். "ஒரு டிக்கெட்டில் ஒரே ஒரு பயணிதான் இருக்க முடியும், இரண்டாவது ஆளைச் சேர்க்கவே முடியாது." "பெர்த் எண் இல்லாத பயணி ஒருவர்கூடக் கிடையாது." 'ஒன்றே ஒன்று', 'ஒன்றாவது கட்டாயம்', 'இல்லாமலும் இருக்கலாம்', 'எத்தனை வேண்டுமானாலும்' என்ற இந்த நான்கு சொற்றொடர்களை ஒட்டவைத்தால் வாக்கியம் அசிங்கமாக இருக்கும். அந்த அசிங்கம்தான் எதிரில் இருப்பவரைத் தூண்டும். "அது எப்படிங்க? போன மாசம்கூட ஒருத்தர்..." என்று ஆரம்பிப்பார். அந்தப் "போன மாசம்கூட" என்ற சொல் வந்துவிட்டால் சரிபார்ப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. நம் ஊரில் "நீங்கள் எழுதியது தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் மனம் வராது, அதுவும் லேப்டாப்போடு பெரிய ஊரிலிருந்து வந்திருப்பவரிடம். எதிரில் தன் மேலதிகாரியும் உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். "இது சரியா மேடம்?" என்றால் சரிதான் என்பார்கள். "இதுக்கு மாறா எப்பவாவது ஒரு தடவை நடந்திருக்கா மேடம்? நடந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால், தப்பு என்று சொல்கிற சங்கடமே இல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னால் போதும். நடந்ததைச் சொல்ல எல்லாருக்கும் பிடிக்கும். ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்வியைவிட ஒரு சம்பவம் பதிலாக வருகிற கேள்வியே இந்த வேலைக்கு உதவும்.

யாரிடம் கேட்பது? கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள். அவர்களுக்கு விதி தெரியும். விதி பொருந்தாத ஆள் வந்து நின்றால் என்ன செய்வது என்பது கவுன்ட்டரில் இருப்பவருக்கும், கையில் சார்ட்டோடு பெட்டி பெட்டியாக நடக்கும் டிக்கெட் பரிசோதகருக்கும்தான் தெரியும். அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதே இல்லை. கூப்பிட்டால் அன்றைக்குக் கவுன்ட்டரை யார் பார்ப்பது? ஆகவே மாடலைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். போனால் இன்னொரு லாபமும் உண்டு. எந்த அலுவலகமானாலும் பழைய பதிவேடுகளைப் புரட்டினால் 'குறிப்பு' என்று ஒரு கடைசிக் கட்டம் இருக்கும். அச்சடித்த படிவத்தில் அடங்காததெல்லாம் அங்கே பொடி எழுத்தில் ஏறியிருக்கும். ஓரத்தில் சிவப்பு மை, அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம், மேசை இழுப்பறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, இந்தக் காலத்தில் ஒரு தனி எக்ஸெல் கோப்பு. பழைய மாடலில் இடம் கிடைக்காத உண்மைகள் ஒதுங்கி வாழ்கிற இடங்கள் இவை. புது மாடலில் இவற்றுக்கு இடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாலே போதும், வேறு பெரிய பரிசோதனை வேண்டாம்.

ஆனால் கவுன்ட்டரில் நடப்பதையெல்லாம் அப்படியே மாடலில் ஏற்றிவிடவும் கூடாது. சில பழக்கங்கள் தேவையால் வந்தவை, சில சோம்பலால், சில இன்னும் மோசமான காரணங்களால். "இப்படி நடக்கிறது" என்பதும் "இப்படி நடக்கலாம்" என்பதும் வேறு. எது எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதிகாரிக்குத்தான் உண்டு. மாடல் வரைகிற பிள்ளை தானே நீதிபதியாகிவிடக் கூடாது. கவுன்ட்டரில் கேட்டதை அதிகாரி முன் வைத்து, "இதை அனுமதிக்கிறீர்களா, மாட்டீர்களா?" என்று கேட்டு எழுத வேண்டும். அதிகாரியின் கையெழுத்துக்கு அப்போதுதான் ஒரு அர்த்தம் வரும்.

சொற்களுக்கு விளக்கம் எழுதுவதைப் பலர் வெட்டி வேலை என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டு ரேஷன் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'குடும்பம்' என்றால் என்ன? ஒரே வீட்டில் இருப்பவர்களா, ஒரே ரத்தமா? தனிக் கார்டு கேட்பவர்களிடம் தனியாகச் சமைக்கிறீர்களா என்று பார்ப்பது வழக்கம். ஒரே வாசல், இரண்டு அடுப்பு என்றால் இரண்டு குடும்பம். எவ்வளவு தெளிவான விளக்கம் பாருங்கள்! எந்தக் கணினிப் பாடப் புத்தகத்திலும் இல்லாத அளவுக்கு நேர்த்தியானது. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களால்தான் இப்படி யோசிக்க முடியும். 'முகவரி ஒன்று, குடும்பம் ஒன்று' என்று வரைந்தவர் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காதவர்.

அதே கார்டில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு இடம் உண்டு. அரிசி, சர்க்கரை வாங்குவதற்கு அந்த இடத்தில் கணவர் பெயர் இருந்தாலும் மனைவி பெயர் இருந்தாலும் ஒன்றும் வித்தியாசமில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, சுமார் 1.06 கோடிப் பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பணம் குடும்பத் தலைவிக்கு. அதுவரை பெரும்பாலோர் கண்டுகொள்ளாத ஒரு சொல்லுக்குத் திடீரென்று பண மதிப்பு வந்தது. திட்ட விதியில் அதற்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது: கார்டில் தலைவராக ஆண் இருந்தால் அவர் மனைவி தலைவியாகக் கருதப்படுவார், தனித்து வாழும் பெண்கள், கைம்பெண்கள், திருநங்கைகள் தலைமையில் இருக்கும் குடும்பமானால் அவர்கள் தலைவி, தகுதியான பெண்கள் பலர் இருந்தால் ஒருவருக்கு மட்டும். ஒவ்வொரு வரியும் 'இப்படி ஒருவர் வந்தால்?' என்ற கேள்விக்குப் பதில். அந்த ஒரு வரி விட்டுப்போயிருந்தால் அதற்குள் வரும் பெண்கள் விட்டுப்போயிருப்பார்கள்.

பெயர் விஷயத்தில் தமிழர்கள் படும் பாடு தனிக் கதை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு, இரண்டும் கட்டாயம் என்று நட்சத்திரக் குறி வைத்துவிடுகிறார்கள். அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு, தன் பெயர் ஒன்றை மட்டுமே பெயராக வைத்திருக்கும் ஒரு மாநிலமே அந்த நட்சத்திரக் குறிக்கு முன்னால் தடுமாறுகிறது. ஒருவர் இனிஷியலையே குடும்பப்பெயர் ஆக்குகிறார், இன்னொருவர் அப்பா பெயரைப் போடுகிறார், மூன்றாமவர் தன் பெயரையே இரண்டு தடவை அடிக்கிறார். பிறகு டிகிரி சர்ட்டிபிகேட்டில் ஒன்று, பான் கார்டில் ஒன்று, வங்கியில் ஒன்று. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா மற்றும் விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. சில நாட்களில், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. நடுவில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள் கதி? பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப்பெயரைக் காலியாக விடலாம் என்று ஒரு நாட்டின் மாடல் ஒப்புக்கொண்டது, இன்னொரு நாட்டின் விதி ஒப்புக்கொள்ளவில்லை. 'கட்டாயம்' என்ற ஒரு சொல்லின் விலையை, அந்தச் சொல்லை எழுதியவர்கள் கொடுப்பதில்லை.

இதே பாஸ்போர்ட்டில் தாய், தந்தை இருவர் பெயரும் வேண்டும் என்றிருந்ததை, ஒருவர் பெயர் போதும் என்று வெளியுறவுத் துறை 2016 டிசம்பரில் மாற்றியது. அதற்கு முன், தனியாகப் பிள்ளை வளர்த்த எத்தனை அம்மாக்கள் அந்தக் காலிக் கட்டத்தின் முன்னால் நின்றிருப்பார்கள்! "ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா பெயரும் அம்மா பெயரும் கட்டாயம் தெரிந்திருக்கும்" என்ற வாக்கியத்தை ஒரு குழந்தைகள் காப்பகத்தின் காப்பாளரிடம் வாசித்துக் காட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் மறுத்திருப்பார்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, சட்டென்று ஒரு திரையைச் செய்து காட்டினால் பயனர்களே குறை சொல்லிவிடுவார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. கட்டமும் கோடும் புரியாதவர்களுக்கும் திரை புரியும். ஆனால் திரையில் தெரிவது எப்போதும் ஒரு டிக்கெட், ஒரு பயணி, ஒரு தேதி. இரண்டாவது ஆள் வந்தால் என்ன ஆகும் என்பது திரையில் தெரியாது. பேச்சும் "இந்தப் பட்டனை அந்தப் பக்கம் வையுங்க", "கலர் கொஞ்சம் அடிக்கிற மாதிரி இருக்கு" என்று திரும்பிவிடும். திரையைக் காட்டட்டும், தப்பில்லை. காட்டும்போது 'ராமன், வயது 30' என்று பொய் விவரம் போடாமல், கவுன்ட்டரிலிருந்து எடுத்து வந்த கோணல்மாணலான பத்து நிஜ உதாரணங்களை, பெயரை மட்டும் மாற்றி, அதில் ஏற்றிக் காட்டட்டும். ஏறாத ஒன்று பாடம் சொல்லும்.

காலம் என்கிற ஒன்றைத்தான் எல்லாருமே மறக்கிறார்கள். இன்றைக்கு ஒன்று என்பது நாளடைவில் பல ஆகும். வண்டிக்கு ஒரு எண் உண்டு, அதை வைத்தே அடையாளம் காணலாம் என்று யாராவது வரைந்திருந்தால், 2010 டிசம்பர் 20 அன்று விழித்திருப்பார்; அன்றுதான் ரயில் எண்கள் நான்கு இலக்கத்திலிருந்து ஐந்து இலக்கத்துக்கு மாறின. வண்டி அதே வண்டி, எண் வேறு. சென்னை சென்ட்ரலுக்கு 2019இல் எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள், ஊரின் பெயர் 1996இலேயே மெட்ராஸிலிருந்து சென்னை ஆகிவிட்டது, ஸ்டேஷனின் குறியீடு மட்டும் மெட்ராஸ் காலத்து எம்.ஏ.எஸ். ஆகவே நிற்கிறது. நல்லவேளை. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்த பிறகு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "இது பிற்பாடு மாறுமா? மாறினால் பழசு வேண்டுமா?" உறுதியான டிக்கெட்டை, புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னால் எழுதிக் கொடுத்தால், குடும்பத்தில் இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ரயில்வேயில் வசதி இருக்கிறது. அண்ணன் டிக்கெட்டில் தம்பி போகலாம். டிக்கெட்டில் பெயர் மாறவே மாறாது என்று வரைந்த மாணவருக்கு இது தெரிய வேண்டுமானால் யாராவது சொல்லியிருக்க வேண்டும், அவர் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும்.

கையெழுத்து வாங்கும் தாளிலும் ஒரு மாற்றம் செய்யலாம். "மேற்கண்ட மாடல் சரியென ஒப்புக்கொள்கிறோம்" என்பதற்குக் கீழே, வாசிக்கப்பட்ட வாக்கியங்கள் எத்தனை, அதில் மறுக்கப்பட்டவை எவை, மறுத்தவர் எந்த மேசையில் வேலை பார்ப்பவர், என்ன சம்பவத்தைச் சொன்னார், மாடலில் என்ன மாறியது என்று எழுதி ஒட்ட வேண்டும். கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்களில் ஈ.ஆர். படத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள், வைவாவில் "இதில் பிரைமரி கீ எது?" என்று கேட்பார்கள். "இதை யாரிடம் வாசித்துக் காட்டினாய்? அவர் எதை மறுத்தார்?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், நூலக மேலாண்மை என்றும் மருத்துவமனை மேலாண்மை என்றும் வருடா வருடம் ஜெராக்ஸ் கடையில் கைமாறும் ரிப்போர்ட்களோடு வருபவர்கள் முதலில் நூலகருக்கும் நர்ஸுக்கும் முன்னால் போய் உட்கார வேண்டியிருக்கும்.